நாலு பல் ஸ்பேனர்

அவருக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. ஆனால் மெக்கானிக் தெருவில் சட்டுபுட்டு என்றால்தான் தெரியும். எந்த வண்டி வந்து நின்றாலும் "சட்டுபுட்டுன்னு முடிச்சிரலாம்" என்பார். பெரும்பாலும் முடித்தும் விடுவார். முடித்த வண்டி திரும்பி வராமல் மட்டும் இருந்திருந்தால் அந்தத் தெருவில் அவரை மிஞ்ச ஆளிருந்திருக்காது.

இந்தமுறை மக்கர் செய்தது அவருடைய சொந்த ஜீப். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. மலைமேல் இருக்கும் தோட்டத்துக்குச் சேற்றுப் பாதையில் ஏறக்கூடியது அது ஒன்றுதான். அந்தத் தோட்டத்துக் குடியிருப்பில் அவருடைய ஒரே மகள் நிறைமாதமாக இருந்தாள். மழை பிடித்துக்கொண்டது, பாதை அடைபடுவதற்குள் கீழே கூட்டி வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் விடிந்ததும் கிளம்புவதாக ஏற்பாடு. எதற்கும் பார்த்து வைப்போம் என்று கொஞ்ச தூரம் ஏற்றிப் பார்த்தபோது முன்சக்கரத்திலிருந்து புகைவாடை வந்தது. பிரித்தால், பேரிங் கருகி நீலம் பாய்ந்து கிடந்தது.

கருக்கியது யார் என்று ஊரைக் கூட்டி விசாரிக்க வேண்டியதில்லை. முன் ஆக்ஸிலின் முனையில் பேரிங்கைப் பிடித்து வைக்க வளையம்போல ஒரு நட்டு உண்டு. அதன் விளிம்பில் நாலு வெட்டு. அந்த வெட்டுகளில் போய் உட்காருகிற மாதிரி நாலு பல் வைத்த ஸ்பேனரைப் போட்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு துளி தளர்த்த வேண்டும். அந்தத் துளி எவ்வளவு என்பது கைக்குத்தான் தெரியும். சட்டுபுட்டுவிடம் அந்த ஸ்பேனர் கிடையாது. உளியை வெட்டில் வைத்துச் சுத்தியலால் நாலு போடு போடுவதோடு சரி. இத்தனை காலம் ஒப்பேறியது, இப்போது பார்த்துக் காலை வாரிவிட்டது.

கடைத்தெருவுக்கு ஓடிப் புது பேரிங்கும் புது நட்டும் வாங்கி வந்தார். ஸ்பேனர் எந்தக் கடையிலும் இல்லை. உளியைக் கையில் எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. அந்த வண்டியில் உட்கார்ந்து வரப்போவது அவருடைய மகள்.

ஸ்பேனர் எதிர் ஷெட்டில் இருந்தது. அது வெர்னியரின் ஷெட். சட்டைப்பையில் எப்போதும், இழையளவு வித்தியாசத்தையும் அளந்து காட்டும் வெர்னியர் காலிப்பரைச் செருகிக்கொண்டு திரிவதால் அவருக்கு அந்தப் பேர். அவர் தன் ஸ்பேனரைத் தானே இரும்புக் குழாயில் வெட்டி, அரத்தால் இழைத்துச் செய்தவர். எண்ணெய்த் துணியில் சுற்றித்தான் வைப்பார். போன வருஷம் டீக்கடையில் பத்துப் பேர் நடுவில், "அவரு டீ குடிக்கிறதுக்கு முன்னாடி கிளாஸை அளந்து பாப்பாரு, அதுக்குள்ள டீ ஆறிடும்" என்று சட்டுபுட்டு சொல்லப்போய், கடையே சிரித்தது. வெர்னியர் மட்டும் சிரிக்கவில்லை. அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு போய்க் கேக்கறது?" என்றார் மனைவியிடம்.

"இருக்கிற மூஞ்சிய வச்சிக்கிட்டுத்தான். நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?"

அதற்குமேல் அங்கே நிற்க முடியாது. தெருவைத் தாண்டினார். அவ்வளவு அகலமான தெரு அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அண்ணே, அந்த நாலு பல் ஸ்பேனர்..." என்று இழுத்தார். பாதி மகளைப் பற்றியும் பாதி பேரிங்கைப் பற்றியுமாகக் குளறிக் கொட்டினார்.  வெர்னியர் அலமாரியைத் திறந்தார், துணிச்சுருளை எடுத்தார், செருப்பை மாட்டிக்கொண்டு தானே முன்னால் நடந்தார்.

ஸ்பேனரை நட்டில் வைத்தார்கள். உட்காரவில்லை. சட்டுபுட்டு சுத்தியலை எட்டி எடுத்தார்.

"ரெண்டு தட்டு தட்டினா ஏறிடும்ணே."

"தட்டுவ. நீ தட்டாம இருந்தாத்தான் அதிசயம்." வெர்னியர் காலிப்பரை எடுத்துப் பல்லையும் வெட்டையும் அளந்தார். "அரை மில்லி. என்னோடது பழைய மாடலுக்குச் செஞ்சது. பல்லு கொஞ்சம் அகலம்."

"அப்ப நட்டு வெட்டைக் கொஞ்சம் தேய்ச்சு விட்டுருவோமா?"

"நட்டு வண்டியோட போறது. அதுல புள்ளத்தாச்சி உக்காந்து வரணும்." வெர்னியர் எழுந்தார். "தேய்க்கணும்னா ஸ்பேனரைத்தான் தேய்க்கணும்."

என்ன சொல்கிறார் என்று உறைப்பதற்குள் கிரைண்டர் சுற்ற ஆரம்பித்துவிட்டது. சட்டுபுட்டு பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தார். "அண்ணே, வேணாம்ணே! அப்புறம் பழைய மாடலுக்கு அது உதவாதே! பல்லு நழுவி நட்டையே கடிச்சிருமே!"

"அந்த மாடலெல்லாம் இனிமே எங்க வரப்போகுது? கைய விடு, பொறி படப்போகுது."

நாலு பல்லையும் தேய்த்தார், ஒவ்வொன்றையும் அளந்தார், மறுபடி தேய்த்தார். கடைசியில் ஸ்பேனர் நட்டில் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. சட்டுபுட்டு சக்கரத்தைச் சுற்ற, வெர்னியர் இறுக்கினார், தளர்த்தினார். "இப்ப நீ பாரு" என்று பிடியைக் கொடுத்தார். இத்தனை வருஷத் தொழிலில் பேரிங்கின் இறுக்கம் கைக்கு வந்து சேர்ந்தது அன்றுதான் முதல் தடவை. இருட்டுவதற்குள் சக்கரம் மாட்டியாகிவிட்டது. வழியில் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று வெர்னியர் ஸ்பேனரை ஜீப்பிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மகளைப் பத்திரமாகக் கீழே இறக்கினார். அன்று சாயங்காலமே மலைப்பாதையில் மண் சரிந்து வழி மூடிக்கொண்டது. அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். குழந்தை வந்த வேளையில் தாய்க்கு ரத்தம் நிற்காமல் போக, உடனே ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள். மேலேயே இருந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். 

தாயும் பிள்ளையும் வார்டுக்கு வந்ததும் சட்டுபுட்டு ஸ்பேனரைத் துடைத்துத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனார். டீக்கடையில் பேசியதற்கு மன்னிப்பு முதலில், நன்றி அப்புறம்.

ஷெட் வாசலில் வெர்னியரின் மனைவி நின்றிருந்தார். "பொம்பளப் புள்ளையாமே! ரெண்டு பேரும் நல்லாருக்காங்களா? போங்க, உள்ளதான் இருக்காரு. வண்டிக்காரன் வேற வந்து கத்திட்டுப் போயிட்டான், ரெண்டு நாளா சாப்பாடுகூட நேரத்துக்கு இல்ல."

உள்ளே, ஷெட்டின் பின்பக்கம், பழைய மாடல் ஜீப் ஒன்று முன்சக்கரம் இரண்டையும் கழற்றிப்போட்ட நிலையில் ஜாக்கியில் நின்றது. ஆக்ஸில் முனையில் நட்டு. அதில் அகலமான நாலு வெட்டு. அதன் பக்கத்தில் வெர்னியர் தரையில் உட்கார்ந்து, புது இரும்புக் குழாய் ஒன்றில் சாக்பீஸால் நாலு பல் வரைந்துகொண்டிருந்தார்.

"அண்ணே... அந்த மாடல் இனிமே வராதுன்னீங்களே?"

"வராதுன்னுதான் சொன்னேன். ஏற்கெனவே வந்து நிக்கலைன்னு சொன்னேனா?" என்றார் வெர்னியர், தலையை நிமிர்த்தாமல்.

அடுக்கி வந்ததில் ஒன்றுகூட இதற்குப் போதாது என்று சட்டுபுட்டுவுக்குப் பட்டது. இந்த மனுஷனுக்கு என்ன கைமாறு செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து குழாயின் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். வெர்னியர் ரம்பத்தை எடுத்து அறுக்கத் தொடங்கினார். குழாய் இம்மிகூட அசையக் கூடாது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. கண்ணைத் துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை.