வலது பக்கக் கீல்

எங்கள் பட்டறையில் அதிகம் புழங்குகிற சொல் "பார்த்தாச்சு". விமானத்தில் ஒரு பாகத்தைப் பரிசோதித்து முடித்தவர் அதைச் சொல்லிவிட்டுத்தான் படிவத்தில் கையெழுத்துப் போடுவார். சொன்னவர் உண்மையிலேயே பார்த்தாரா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. முயன்று தோற்றிருக்கிறேன்.

வெளிநாட்டில் அந்த விமான அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தபோதும் காதில் அதே சொல்தான் விழுந்தது.

"ரெண்டு அடுக்கு இறக்கை வண்டி, பார்த்தாச்சு. போர் விமானம், பார்த்தாச்சு. அடுத்தது எங்க? சீக்கிரம்!"

இது எங்கள் மானேஜர். வாயைத் திறந்தால் சீக்கிரம் என்பதால் அவருக்கு 'சீக்கிரம் சார்' என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு புது எஞ்சினைப் படித்துவர அவரோடு எங்கள் இரண்டு பேரைக் கம்பெனி இரண்டு வாரத்துக்கு அனுப்பியிருந்தது. ஒருவன் மெக்கானிக், நெட்டையாய் வளர்ந்து சதையே பிடிக்காததால் ஒட்டடைக்குச்சி, சுருக்கமாக ஒட்டடை. இன்னொருத்தி நான். விமானத்தைப் பழுதுபார்த்துச் சம்பளம் வாங்குகிற நான் விமானத்தில் பறந்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் ஊர் திரும்ப வேண்டும்.

சீக்கிரம் சார் ஒவ்வொரு விமானத்தின் முன்னாலும் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். அதாவது, எல்லாவற்றையும் முதுகைக் காட்டிக்கொண்டே பார்த்தார். நான் அந்த ரெண்டு அடுக்கு இறக்கை விமானத்தை விட்டு நகரவில்லை. இறக்கை முழுக்கத் துணி. நாலு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சு போட்டுச் சட்டத்தோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். என் வயதை மூன்று மடங்கு ஆக்கினாலும் அந்தத் தையலின் வயது வராது. எண்ணிப் பார்த்தேன், ஒரு முடிச்சுகூட விட்டுப்போகவில்லை.

"ஏம்மா, துணிக்கடைக்கா வந்திருக்கே? ஃபோனைப் பாரு. படிவம் வந்திருக்கும். ஒரு கையெழுத்துதான், போட்டு விடு."

எந்தப் படிவம் என்று பார்க்காமலே தெரிந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு பயிற்சி விமானத்தின் வாலைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். வாலில் மேலும் கீழும் அசைகிற தகட்டை இரண்டு கீல்கள் தாங்குகின்றன, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இடதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். வலதைத் திறக்கப் போகையில், விசா ஆபீசுக்கு வேன் நிற்கிறது என்று இவர்தான் விரட்டினார். வலது பக்கம் பாக்கி இருக்கிறது என்று அப்போதே சொன்னேன். தலையாட்டினார். அந்தப் பாக்கியைத் தொடாமலே வாலை மூடிவிட்டார்கள். இப்போது மற்ற வேலையெல்லாம் முடிந்து, மறுநாள் காலை அந்த விமானம் பறக்க வேண்டும். படிவத்தில் அந்த ஒரு வரி மட்டும் காலி.

"நான் வலது பக்கம் பார்க்கலையே சார்."

"இடது எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப வலது மட்டும் வேத்துக் கிரகத்துலேர்ந்தா வந்துச்சு? ரெண்டும் ரெட்டைப் புள்ளைங்க. போடு."

"அங்க இருக்கறவங்க யாராவது திறந்து பார்க்கட்டும் சார்."

"திறந்து, பார்த்து, மூடுறதுக்குள்ள ஒரு நாள் போயிடும். மேல இருக்கறவங்களுக்கு யார் பதில் சொல்றது?" குரலைத் தாழ்த்தினார். "உன்னை நிரந்தரம் பண்ற கடிதம் என் மேசையிலதான் கிடக்கு. உங்க வீட்ல நீதான் முதல் பட்டதாரியாமே? நிதானமா யோசி. இங்கேர்ந்து வெளியே கிளம்பறதுக்குள்ள போட்டுடு."

முதல் பட்டதாரி என்றால் கையெழுத்து மலிவாகக் கிடைக்கும் என்று எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பின்னால் மெஷின்கள் இரைந்தன.

"சாப்டியாடி?"

"சாப்டேன். வேலை போயிடும் போல இருக்கும்மா."

"என்னத்தைப் பண்ணித் தொலைச்சே?"

"பார்க்காத ஒண்ணைப் பார்த்தேன்னு கையெழுத்துப் போடச் சொல்றாங்க. மாட்டேன்னேன்."

"போட்டுட்டு வர வேண்டியதுதானே? உங்கப்பாவுக்குக் கையெழுத்துப் பழகவே மூணு மாசம் ஆச்சு. உனக்குத்தான் முத்து முத்தா வருதே."

"அதுல ஆளுங்க மேல பறப்பாங்கம்மா."

"நாங்க கீழ கால் ஊனி நிக்க வேண்டாமா?"

ஃபோனை வைத்துவிட்டேன்.

கடைசிக் கூடத்தில் ஒரு பழைய பயணிகள் விமானம் நின்றது. வால் உயரத்துக்கு இரும்பு மேடை கட்டி, படிக்கட்டும் வைத்திருந்தார்கள். ஏறினேன். ஒட்டடையும் பின்னாலேயே வந்தான். கூட்டம் பார்க்கிற இடது பக்கம் பளபளவென்று இருந்தது. கீல், போல்ட், எல்லாம் புதுக் கருக்கு. வலது பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. கைப்பையிலிருந்து என் கண்ணாடியை எடுத்தேன். இழுத்தால் நீளுகிற கம்பியின் முனையில் வட்டமாய் ஒரு குட்டிக் கண்ணாடி. சந்துபொந்துகளைப் பார்க்க நாங்கள் வைத்திருப்பது.

"தாயே, இங்கயும் பவுடர் சரிபார்க்கணுமா?"

"மூடிக்கிட்டு டார்ச் அடி."

அடித்தான். கம்பியை நீட்டி, தகட்டுக்கு அடியில் கண்ணாடியைத் திருப்பினேன். போல்ட் இருக்க வேண்டிய ஓட்டையில் கட்டுக்கம்பியை இரண்டு சுற்று சுற்றி முறுக்கி விட்டிருந்தார்கள்.

காவலுக்கு நின்ற பெண் ஓடிவந்தாள். கம்பியை உள்ளே எடுக்கச் சொன்னாள். கண்ணாடியை அவளிடமே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். எட்டிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். சுவர்ப் பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை, இந்த விமானமும் இனிமேல் பறக்கப் போவதில்லை, அதனால் இது போதும் என்றாள்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. பறக்காத விமானத்துக்குக் கட்டுக்கம்பி போதும்.

ஒட்டடை டார்ச்சை அணைத்தான். "நானும் கொஞ்சம் 'பார்த்தாச்சு' போட்டிருக்கேன்," என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

மேடையில் நின்றபடியே படிவத்தைத் திறந்தேன். அந்த வரியில் இரண்டு கட்டங்கள், ஒன்று குறிப்புக்கு, ஒன்று கையெழுத்துக்கு. குறிப்பில் "வலது பக்கக் கீலை நான் பார்க்கவில்லை" என்று எழுதினேன். கீழே விரலால் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஏறிவிட்ட குறிப்பை அழிக்க யாராலும் முடியாது. ஒருவர் திறந்து பார்த்துப் பதில் எழுதும்வரை அந்த விமானம் ஓர் அடி நகரக் கூடாது.

சீக்கிரம் சார் வாசல் கடையில் பொம்மை விமானம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"போட்டியா?"

"போட்டுட்டேன் சார்."

"அது! இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு..." அவர் ஃபோன் கூப்பிட்டது. காதில் வைத்துக் கேட்டார். பொம்மை கையிலேயே நின்றது. "என்னம்மா எழுதி வச்சிருக்கே?"

"கையெழுத்துக் கேட்டீங்க. போட்டிருக்கேன்."

"உன்னை ப்ளேன்ல ஏத்திக் கூட்டிட்டு வந்ததே நான்தான், தெரியுமா?"

"தெரியும் சார். பத்திரமா இறங்கவும் செஞ்சோம். நாம வந்த ப்ளேன் வாலை யாரோ ரெண்டு பக்கமும் பார்த்திருக்காங்க."

"கடிதத்தை மறந்துடு."

"சரி சார்."

ஊர் திரும்பும் வழியெல்லாம் அவர் என்னோடு பேசவில்லை. அதற்குள் பட்டறையில் வேறொருவர் அந்தப் பயிற்சி விமானத்தின் வாலைத் திறந்து வலது பக்கக் கீலைப் பார்த்தார். அதில் எந்தக் குறையும் இல்லை. நான் வேலைக்குத் திரும்பிய அன்று, பட்டறை மொத்தமும் கூடியிருக்கையில் சீக்கிரம் சார் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"கேட்டுக்க. ஒரு கீறல் கூட இல்ல. இதுக்கா ஒரு நாளைப் பாழாக்கினே?"

"இப்பதான் சார் பார்த்தாச்சு."

ஒட்டடைக்கு அந்நேரம் பார்த்து இருமல் வந்தது.

கடிதம் இன்னும் வரவில்லை. அம்மா தினமும் கேட்கிறாள். வரவில்லை என்று உள்ளபடி சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன்.