மூன்றாவது வளைவில் புருஷன்

நீந்திக் கரையேறி, மலைப்பாதையில் நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதற்குப் பிறகு ஒரு முழு மாரத்தானும் ஓட வேண்டும். அத்தனையும் ஒரே நாளில். இதற்கு யார் அழுதார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அவளுடைய மாமியாரும் அதையேதான் கேட்டார். ஆனால் ஐம்பதை நெருங்கும் ஒரு மருந்துக்கடைக்காரி, நாள் முழுக்கக் கவுண்டருக்குப் பின்னால் நின்று அடுத்தவர்களின் இருமலைக் கேட்டுக்கொண்டிருப்பவள், ஒரு ஆசை வைத்தால் வைத்ததுதான்.

போன வருடம் அந்த ஆசை மண்ணைக் கவ்வியது. சைக்கிளில் ஏற்றங்களை வெளுத்து வாங்கினாள். இறங்கி ஓடத் தொடங்கியதும் தொடை இரண்டும் மரக்கட்டையாகி, சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். போட்டி நடத்துபவர்களின் வேன் அவளை அள்ளிக்கொண்டு வந்தது. இந்த வருடமும் அப்படி ஆனால் சைக்கிளை விற்றுவிட்டு, இனி அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அது நாத்தனாருக்கு மட்டும்தான் தெரியும்.

நாத்தனார் பிசியோதெரபிஸ்ட். இதே போட்டியை ஏற்கெனவே முடித்தவள். அண்ணியின் கால்களைத் தன் சொந்தச் சொத்து மாதிரி பார்த்துக்கொண்டாள். மிதியில் எவ்வளவு பலம் போகிறது என்று காட்டும் பவர் மீட்டர் ஒன்றை அண்ணியின் சைக்கிளில் மாட்டிவிட்டு, ஞாயிறுதோறும் பயிற்சி முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள். ஏற்றத்தில் பலம் சீராக இருக்க வேண்டும், அங்கே வீணாக்கினால் ஓட்டத்தில் கால் இருக்காது என்பது அவள் பாடம். திரையில் அண்ணியின் பலத்தைக் காட்டும் கோடு அடிவாரத்திலிருந்து சமர்த்தாகத்தான் வரும். மூன்றாவது வளைவில் மட்டும் பேய் பிடித்தாற்போல் எகிறும். வாராவாரம் அதே இடம். அங்கே ஏற்றம் அப்படியொன்றும் செங்குத்தும் இல்லை.

அங்கே என்ன இருந்தது? அண்ணன் இருந்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் கிடைக்கும் ஒரு நாள் ஓய்வையும் விட்டுவிட்டு, தண்ணீர் பாட்டில், தோலுரித்து டப்பாவில் போட்ட வாழைப்பழம், ஈரத்துண்டு சகிதம் ஸ்கூட்டரில் வந்து அந்த வளைவில் நிற்பார். கத்த மாட்டார், கைதட்ட மாட்டார். வாயெல்லாம் பல்லாக அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வை பட்டதும் இவள் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதிப்பாள். கல்யாணமாகி இத்தனை வருடம் ஆகியும் அவர் எதிரில் மூச்சு வாங்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அண்ணி, இது மலை இல்ல. இது எங்கண்ணன்" என்று திரையைத் தட்டிக் காட்டினாள் நாத்தனார். மருந்துக்கடைக்காரிக்குப் புதுப்பெண் மாதிரி முகம் சிவந்துபோயிற்று.

வைத்தியம் தொடங்கியது. ஏற்றம் முழுக்க, கூடவே சைக்கிளில் வரும் நாத்தனாரிடம் அண்ணி பேசிக்கொண்டே மிதிக்க வேண்டும். பேச்சு திணறினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். எதைப் பேசுவது என்று விழித்தவளிடம், புருஷனைக் குறை சொல்லுங்கள், அது தானாக வரும் என்றாள் நாத்தனார். வந்தது. ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவது, ஊரில் உள்ள லிஃப்டுகளை எல்லாம் சரிசெய்துவிட்டு வீட்டுக் குழாயைச் சொட்ட விடுவது, சினிமா பாதியில் குறட்டை விடுவது என்று மலை நெடுக அவர் மானம் காற்றில் பறந்தது. சில வாரங்களில் சரக்கு தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஆரம்பித்தாள். அப்போது மூச்சு இன்னும் சீராக வந்தது. நாத்தனார் அதைக் கவனித்துக்கொண்டாள்.

அண்ணனை வளைவுக்கு வராமல் தடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. உண்மைக் காரணத்தைச் சொல்ல அண்ணிக்கு வெட்கம். மேலே வெயில் அதிகம், அடிவாரத்திலேயே இருங்கள் என்று மழுப்பினாள். அவர் சரி என்றார். ஆனால் அன்றிலிருந்து வாழைப்பழத்தை உரிக்காமல் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த கோபம் அவ்வளவுதான். அவள் தானே உரித்துத் தின்றாள்.

போட்டியும் அதே மலையில்தான். இந்த முறையும் போட்டியில் இறங்கியிருந்த நாத்தனார் வெகுதூரம் முன்னால் போய்விட்டாள். கடைசி ஏற்றத்தில் இவள் தனக்குத்தானே பேசிக்கொண்டு ஊர்ந்தாள். ஆள் மாற்றி ஆள் முந்திக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டாள். மூன்றாவது வளைவு திரும்பினால், அடிவாரத்தில் இருக்க வேண்டிய மனிதர் அங்கே நிற்கிறார். மனம் கேட்கவில்லை போலும். வெளியாள் எதையும் கொடுக்கக் கூடாது என்பது விதி என்பதால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் வாயெல்லாம் பல்.

அவள் இருக்கையை விட்டுப் பாதி எழுந்துவிட்டாள். முழுதாக எழுந்திருந்தால் ஓட்டம் அங்கேயே போயிருக்கும். ஆனால் வழி நெடுகப் பேசிப் பழகிய வாய் முந்திக்கொண்டது.

"நீங்க பாத்தா என்னால மெதுவா மிதிக்க முடியலங்க. வெக்கமா இருக்கு. அதான் வரவேண்டாம்னேன். வேற ஒண்ணும் இல்ல."

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு அப்படியே திரும்பி, சாலையோரப் பாறையைப் பார்த்து நின்றுகொண்டார். பின்னால் வந்தவர்கள் வேறு எதற்கோ ஒதுங்கியவர் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர் அசையவில்லை. அவள் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே, நத்தை வேகத்தில் அவரைக் கடந்து போனாள்.

ஓட்டத்தில் கால் இருந்தது. பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஆனால் இருந்தது. பொழுது சாய்ந்து, போட்டியை மூடும் நேரம் நெருங்கும்போது எல்லைக்கோடு கண்ணில் பட்டது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டம் முழுக்க அவளைப் பார்த்து நிற்க, நாத்தனாருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு முதுகு மட்டும் தெரிந்தது.

"இப்பப் பாருங்க" என்றாள்.

அவர் திரும்பினார். அவள் வேகத்தைக் கூட்டவில்லை. வாய் பிளந்து, மூக்கு ஒழுக, ஒரு காலை இழுத்து இழுத்து, புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கியபடி அவர் கண்ணெதிரிலேயே மெதுவாக வந்து கோட்டைத் தாண்டினாள்.