நீலக் கோட்டுக்குள்

மகள் போர்வையை இழுத்து அப்பாவின் காலை மூடினாள். பெரியப்பா மறுபடி தூக்கினார்.

"நல்லாப் பாருங்க," என்றார், புதிதாக வந்தவர்களிடம். "படிச்ச மனுஷன். சர்வேயர். ஒரு பூச்சிக்கடியில போய்ச் சேர்ந்துட்டான். அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிருந்தா இப்படி நடக்குமா?"

கணுக்காலில் தொடங்கி முழங்காலுக்கு மேல் வரை, ஒன்றைச் சுற்றி ஒன்றாக நீலப் பேனாக் கோடுகள். வரைபடத்தில் மலையைக் காட்டுவது போலிருந்தது. வந்தவர்கள் குனிந்து பார்த்து, குளவி என்றும் சிலந்தி என்றும் துக்கத்தோடு கருத்துச் சொல்லிவிட்டு நாற்காலி தேடிப் போனார்கள்.

முதல் கோடு மட்டும் நர்ஸ் போட்டது. பிரஷர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போன அப்பாவின் கணுக்காலைத் தற்செயலாகப் பார்த்தவள், சிவப்பைச் சுற்றி வரைந்து, "இந்தக் கோட்டைத் தாண்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வந்துடணும் சார்" என்றாள்.

சாயங்காலமே தாண்டியது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் பேனாவால் கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு போட்டார்.

"இப்ப எங்க தாண்டியிருக்கு? காட்டு பார்ப்போம்."

காலமெல்லாம் ஊரார் நிலத்துக்கு எல்லை போட்டவர். தன் சொந்தக் காலில் அடுத்தவர் போட்ட எல்லையை ஒப்புக்கொள்வாரா? காய்ச்சல் வந்தபோது, தெர்மாமீட்டர் பழசு என்றார். நினைவு தப்பி ஆம்புலன்ஸில் ஏற்றியபோதும் சிவப்பு கடைசிக் கோட்டுக்குள் கச்சிதமாகத்தான் இருந்தது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா, இத்தனை புழுக்கத்திலும் கையைப் போர்த்திய சால்வையை எடுக்கவில்லை. மகள் விலக்கிப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே சிவப்பு. சுற்றி நீலக் கோடு. சிவப்பு அதைத் தாண்டி ஒரு விரல் அகலம் வெளியே வந்திருந்தது.

"என்னம்மா இது?"

"அவர் படுக்கையை உதறினேன். பூச்சி அதுல இருந்திருக்கும்போல." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "புதுசா ஒண்ணு போட்டுக்கலாம்னு பார்த்தேன். ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க."

மகள் அம்மாவின் நெற்றியைத் தொட்டாள். சுட்டது.

"எழுந்திரும்மா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

பெரியப்பா பதறினார். "எடுக்கப்போற நேரத்துல பொண்டாட்டி எழுந்து போனா நாலு பேர் என்ன பேசுவாங்க? சின்னப் பூச்சிக்கடி! எல்லாம் முடியட்டும், நாளைக்குப் பார்த்துக்கலாம்."

மகள் போர்வையைத் தூக்கினாள். "அப்பாவும் இப்படித்தான் பார்த்துக்கிட்டாரு, பெரியப்பா."

இந்த முறை பெரியப்பாவே போர்வையை இழுத்து மூடினார்.

சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு சவ வண்டி நின்றது. வேறு வண்டி உள்ளே வர வழியில்லை. டிரைவர் முன்கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்கம்மா. எப்பவும் இது ஆஸ்பத்திரியிலேர்ந்துதான் ஆளைக் கூட்டிட்டு வரும். இன்னைக்காவது அங்க கொண்டுபோய் விடட்டும்."

அம்மா வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அவர் காத்துக்கிட்டிருப்பாரே."

"இருக்கட்டும்மா. அவருக்கு இனிமே என்ன அவசரம்?" என்றார் டிரைவர்.

ஊசி போட்டார்கள். மாத்திரை கொடுத்து, சாயங்காலம் மறுபடி வந்து காட்டியே ஆக வேண்டும் என்று டாக்டர் அதட்டி அனுப்பினார்.

திரும்பி வந்தபோது எல்லோரும் அப்படியே இருந்தார்கள். அம்மா நேராகத் தலைமாட்டுக்குப் போனாள். சால்வை மடிப்பிலிருந்து அந்த நீலப் பேனாவை எடுத்து, மூடியை அழுத்தி மூடினாள். அவர் சட்டைப்பையில், எப்போதும் இருக்கும் இடத்தில் செருகிவிட்டு, பையை ஒருமுறை தட்டிச் சரிசெய்தாள்.