இடக்கைக் கணையாழி

பொன்னை ஈந்து ஈந்தே வயிறு வற்றிய நிலத்தின்மேல், அரைத்துக் கழித்த வெண்மண் மேடுகள் இளவெயிலில் ஒளிர, உருளை ஓய்ந்து துருவேறிய சுரங்கக் கோபுரங்களைக் கடந்து, கோரமண்டல் நிலையத்தை நோக்கித் தொடர்வண்டி ஊர்ந்து வந்த மார்கழிக் காலையில், அன்பரே, பள்ளி ஆசிரியையான வினோலியா தன் வலக்கை விரலைத் தடவியபடி காத்து நின்றாள். தன்னை மணப்பதாக உறுதி கூறிச் சென்ற எரிக், மூன்றாண்டு கழித்து அன்று திரும்புகிறான்.

அவ்விரலில் இருந்தது, எரிக்கின் முன்னோன் ஒருவன் சுரங்கப் பணிக்கென அயர்லாந்திலிருந்து வந்த நாளில் கொணர்ந்த இணைக் கணையாழிகளுள் ஒன்று. இரு கைகள் இதய வடிவான ஒரு நெஞ்சை ஏந்த, நெஞ்சின்மேல் முடியொன்று திகழும். கைகள் நட்பு, நெஞ்சு காதல், முடி மாறா உறுதி என்று மாதா கோயில் வாயிலில் அவளுக்கு அணிவித்து, மற்றதைத் தான் அணிந்து, பொருளுரைத்தவன் எரிக்கே. நெஞ்சின் கூர்முனை தன்னை நோக்க வலக்கையில் அணிந்தவர் ஒருவருக்கென உறுதியானவர். அவ்வாறே இடக்கையில் அணிந்தவர் மணம் முடித்தவர். “மோதிரம் மினுக்குது, மாப்பிள்ளயத்தான் காணோம்” என்று அண்டை வீட்டார் நகைத்தபோதும் அவள் அதைக் கழற்றியதில்லை.

வண்டி நின்றது. பெட்டியைத் தூக்கி இறங்கிய எரிக்கின் இடக்கையில் கணையாழி இருந்தது. கூர்முனை அவனை நோக்கியிருந்தது. நம்ப வைத்துக் கழுத்தறுத்தான் என்று அவள் உள்ளம் கொதித்தது.

“இன்னா எரிக், கை மாறிப் போச்சு?”

“விரல் வீங்கிச்சு வினோ, அதான் மாத்திப் போட்டேன்.” அவன் தண்டவாளத்தைப் பார்த்தான். “உன்னோடதையும் குடுத்துடு. குடும்ப மோதிரம். அம்மா வாங்கியாரச் சொன்னாங்க.”

சென்ற ஞாயிறும் கோயிலில் அருகமர்ந்து, ‘மருமகளே’ என்றழைத்த அதே அம்மா.

வினோலியா நிலையத்துக் குழாயில் விரலை நனைத்து, கணுவில் தோலுரியக் கணையாழியைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“இன்னொரு தபா அர்த்தம் சொல்லாத எரிக். உன் பொண்டாட்டியாவது வெறும் மோதிரம்னு போட்டுக்கட்டும்.”

வந்த வண்டி மாரிக்குப்பம் நோக்கி நகர்ந்தது. அவள் பள்ளிக்கு நடந்தாள். அன்பரே, முன்னோர் வகுத்த குறி பொய்யுரைப்பதில்லை. அவன் வாய் மறைத்ததை அவன் விரலே உள்ளபடி உரைத்துவிட்டது. கணையாழி தன் பொருளைக் காத்தது, பொருளுரைத்தவன் காக்கவில்லை.