போலீசு சுமந்த பாளை அரிவாள்

ஐம்பத்துமூன்றாம் வருஷம் மாசியில் சந்தைப் பாலத்தடியில் எவனோ குண்டு வைத்துவிட்டு ஓடினான். ஒரு வண்டிமாடு செத்தது. வைத்தவன் அகப்படவில்லை. அகப்படாதவனை என்ன செய்ய முடியும்? அகப்பட்டவர்களின் அரிவாளைப் பிடித்தது சர்க்கார். பொதுவழியில் எவனும் ஆயுதத்தோடு நடக்கக் கூடாதென்று தமுக்கடித்தார்கள்.

மறுநாள் விடியலில் பனையேறப் புறப்பட்ட முத்துநாயகத்தின் இடுப்பிலிருந்து பாளை அரிவாளை உருவிக்கொண்டான் போலீசுக்காரன் சுந்தர்சிங்.

முத்துநாயகத்துக்குப் பதினாலு பனை. காலையும் மாலையும் பாளையைச் சீவ வேண்டும். விட்டால் மூன்றே நாளில் வாய் அடைத்து அக்கானி என்கிற பதநீர் நின்றுவிடும். அக்கானியைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றினால்தான் அவன் பெண்டாட்டி செல்லத்தாய் உலை வைக்க முடியும். அவன் நேரே ஸ்டேஷனுக்குப் போனான்.

"குண்டு வச்சவன் எனக்க பனையிலயா இருக்கான்? அரிவாளத் தாரும் ஏமானே. ராஜா காலத்துல இத இடுப்புல வச்சிதான் நடந்தேன். ஓட்டுப் போட்ட பெறவு நடக்கக் கூடாதா?"

இன்ஸ்பெக்டர் இரண்டு நாளாகத் தூங்காத கண்ணைக் கசக்கினார். "நாளைக்கு ஒருத்தன் வெட்டுப்பட்டா பதில் சொல்லப்போறது நான்வே. வழியில ஆயுதம் கூடாது."

"பனமேல?"

"பனைக்கு வழியிலதானவே போவணும்?"

"வழியில உம்ம போலீசு கொண்டு வரட்டு. பனமூட்டுல எனக்கிட்ட தரட்டு. எறங்குனதும் வாங்கிக்கிடட்டு."

இன்ஸ்பெக்டர் உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடை ஒன்றும் இல்லை.

அன்று மாலையே சுந்தர்சிங் அரிவாளோடு முத்துநாயகத்தின் பின்னால் நடந்தான். சேதி கேட்டு, அரிவாள் போன மற்ற ஒன்பது பனையேறிகளும் ஸ்டேஷனுக்கு வந்து நின்றார்கள். அடுத்த நாள் சுந்தர்சிங்கின் தலையில் ஓலைப்பெட்டி, அதற்குள் பத்து அரிவாள். முன்னால் பத்துப் பேரும் கைவீசி, மாப்பிள்ளை ஊர்வலம்போல் போனார்கள்.

செல்லத்தாய் வேலியோரம் நின்று கூப்பிட்டாள். "ஏமானே, கனக்குதா? சும்மாடு தரட்டா?"

ஐந்தாம் நாள் சைக்கிளில் வந்த இன்ஸ்பெக்டர் எதிரே இதைக் கண்டு இறங்கிவிட்டார். "என்னவே கூத்து இது?"

"உத்தரவுப்படி நடக்கோம் ஏமானே. இந்த ஊருல ஆயுதம் கொண்டு நடக்கது உம்ம ஆளு ஒருத்தன்தான். பிடிச்சு உள்ள போடும்," என்றான் முத்துநாயகம்.

வழியில் கூடிய ஊரே சிரித்தது. இன்ஸ்பெக்டரும் அடக்கிப் பார்த்துத் தோற்றார். அங்கேயே சைக்கிள் சீட்டின்மேல் வைத்து, பத்துப் பேரும் தொழிலுக்கு அரிவாள் கொண்டுபோகலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முத்துநாயகம் கை நீட்டவில்லை. "கடுதாசியில எனக்கு நம்பிக்கை இல்ல. ஊரு கேக்க வாசிக்கச் சொல்லும்."

தலையில் பெட்டியோடு சுந்தர்சிங் பத்துப் பெயரையும் உரக்க வாசித்தான். ஒவ்வொரு பெயருக்கும் குலவை எழுந்தது. ஒவ்வொருவனாகப் பெட்டியிலிருந்து தன் அரிவாளை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் விடியலில் முத்துநாயகம் பனையிலிருந்து இறங்கும்போது கீழே சுந்தர்சிங் நின்றான்.

"இனி என்னத்த சுமக்க வந்த மக்கா?"

சுந்தர்சிங் தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு குடிக்க மடித்த பனையோலைப் பட்டையை நீட்டினான். முத்துநாயகம் அது வழியுமட்டும் அக்கானி ஊற்றினான்.