ரெமிஜியஸின் பஸ்ஸில் ஒரு வாசல்

1

இந்தக் கதை என் நகத்தில் தொடங்கியது. மற்ற எழுத்தாளர்களுக்குக் குளத்தைப் பார்த்தால் கதை வருகிறதாம், ரயிலில் போனால் வருகிறதாம். எனக்கு வலது கை ஆட்காட்டி விரலின் நகத்தில் வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அலமேலு எதையோ மறைத்தாள் என்று பின்னால் யாரும் பேசக் கூடாது.

ரிச்சர்ட்ஸ் டவுனில் நோராவின் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். காயப்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டுத்துணி சுருட்டும் மகளிர் கூட்டத்தில்தான் நோரா எனக்குப் பழக்கம். (யுத்தம் ஐந்தாம் வருஷத்தில் இருக்கிறது. பெங்களூரில் எந்தப் பெண்பிள்ளையின் கையும் சும்மா இல்லை.) அவர் சந்தாபுராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். கணவர் ரெமிஜியஸ் ஓர் ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் பஸ் செய்வார்.

சின்ன பஸ்தான். கண்ணாடி அலமாரியில் நான்கைந்து நின்றன. நோரா பெரியதை எடுத்து மேஜை மேல் வைத்தார். சுருட்டுப் பெட்டிப் பலகையில் உடம்பு, பிஸ்கட் டின்னை வெட்டிய தகரம், பூட்ஸின் ரப்பர் குதியைச் சீவிய டயர். போட்டோ பிலிமை வெந்நீரில் கழுவி ஜன்னல் கண்ணாடியாக்கியிருந்தார். பச்சையும் வெண்ணெய் நிறமுமாக அப்படி ஒரு வர்ணப்பூச்சு. என் கல்யாணப் புடவைக்குக்கூட அவ்வளவு கவனமாகக் கரை போட்டிருக்க மாட்டார்கள்.

"ஒரு அங்குலம்னா நெஜத்துல ஒரு அடி, அதான் அவரு கணக்கு" என்றார் நோரா. "டிரைவர் கதவத் திறந்து பாருங்க. பானெட்டும் திறக்கும். திறக்க வேண்டியதெல்லாம் திறக்கணும்பாரு."

திறந்தேன். எல்லாம் திறந்தன. வலப்பக்கம் பின்னால் அவசர வாசல் ஒன்று இருந்தது, அதன் இடுக்கில் நகத்தை வைத்தேன். நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று. அங்கே இடுக்கே இல்லை. கீல், கைப்பிடி, கைப்பிடியில் மினுக்கம், அதன் கீழே நிழல், எல்லாமே வர்ணம்.

நோரா அதைக் கவனிக்கவில்லை. "எங்க சந்தாபுரா பஸ்ஸே இதப் பாத்துக் கட்டினதுதான், தெரியுமா அலமேலம்மா? முந்தின வண்டியப் பாத்துத்தான் இவரு இதச் செஞ்சாரு, அத மிலிட்டரிக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. பஸ் முதலாளிக்கு அதே மாதிரி வேணும். ஆசாரிங்க இதத் தூக்கிட்டுப் போய் அளந்து அளந்து கட்டினாங்க. ஒரு நூல் மாறக் கூடாதுன்னு உத்தரவு."

பிறகு, கேட்காமலே இதையும் சொன்னார். "தினம் கிளம்பறப்ப அவரு ஒண்ணுதான் சொல்வாரு, நோரா, முன்னால உக்காருன்னு. பெட்ரோல் இல்லாம கரி வண்டியாயிடுச்சில்ல, உலை பின்னாடி இருக்கு. புகை என் மேல படக் கூடாதாம். கல்யாணமாகி எத்தன வருஷமாச்சு, இன்னும் பாருங்களேன்."

சொல்லும்போது முகம் சிவந்தது. இந்தக் காதலைக் கதையில் எங்காவது சொருகிவிட வேண்டும் என்று மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

2

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் திவான் கச்சேரி பைல்களோடு ஒரு பக்கம், நான் என் காகிதங்களோடு ஒரு பக்கம்.

தொடக்கம் ஒன்று: "சந்தாபுரா பஸ் மார்க்கெட்டிலிருந்து புறப்பட்ட அந்தக் காலையில் யாருக்கும் தெரியாது, அது"

(வேண்டாம். 'யாருக்கும் தெரியாது' என்று தொடங்குகிறவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்ததாம்?)

தொடக்கம் இரண்டு: "ஆசாரி காம்பஸை விரித்தான். பொம்மையில் ஓர் அங்குலம், பலகையில் ஓர் அடி. படிக்கட்டு, ஜன்னல், சீட்டு, எல்லாம் சரியாக வந்தன. அவசர வாசலுக்கு வந்தபோது அவன் கை நின்றது. பொம்மையில் அந்த இடத்தில் அளக்க எதுவும் இல்லை, வர்ணம்தான் இருந்தது. ஒரு நூல் மாறக் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். அவன் வர்ணக்காரனைக் கூப்பிட்டான்."

இதை எழுதிவிட்டு எழுந்து கூடத்தில் நடந்தேன். பொம்மையைப் பார்த்து நிஜத்தைக் கட்டுகிறார்கள், பொம்மையிலிருந்த பொய்யும் பன்னிரண்டு மடங்காகிறது. என்ன ஒரு கற்பனை என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.*

* பால் பொங்கியது நிஜம். இந்தக் கதையில் எது நிஜம், எது என் சரக்கு என்று இப்படி அடிக்குறிப்பில் சொல்லிக்கொண்டு போவதாக உத்தேசம் இருந்தது. நான்காம் பகுதிக்கு மேல் அது முடியாமல் போயிற்று.

3

ரெமிஜியஸ்மேல் எனக்குச் சந்தேகம். ஆளின்மேல் இல்லை, பாத்திரத்தின்மேல். டயருக்குக் காற்றடிக்கும் மூக்கைக்கூட வைத்த மனுஷன் ஒரு வாசலை ஏன் வர்ணத்தில் விடுகிறார்?

காரணம் ஒன்று செய்துகொண்டேன் (கண்காட்சியும் பரிசும் மட்டும் நோரா சொன்னது). மறுநாள் மாதாகோவில் கண்காட்சி. வாசலை அறுக்கும்போது பலகை பிளந்துவிட்டது. ஒட்டிவிட்டு, அதன் மேலேயே ஒரு வாசலை எழுதிவிட்டார். யாரும் கண்டுபிடிக்கவில்லை, பரிசு கொடுத்தார்கள். இது போதும், கதைக்குள் மனுஷர்கள் இதைவிட அற்பக் காரணங்களுக்காகக் கொலையே செய்கிறார்கள்.

ஆனால் நிஜ பஸ்ஸிலும் வாசல் வர்ணம்தான் என்பது அவருக்குத் தெரியுமா? தெரியாது என்று வைத்தேன். அன்று எழுதிய வரியை அடிக்காமல் இங்கே விட்டுவைக்கிறேன்:

"பாவம், நல்ல மனுஷர். தெரிந்திருந்தால் சும்மா இருப்பாரா?"

4

கைப்பிடிக்கு என்ன நிறம் என்பது மறந்துவிட்டது. பித்தளை என்று எழுதினேன், கறுப்பு என்று மாற்றினேன், மனசு ஒப்பவில்லை. நிஜ பஸ்ஸையே பார்த்துவிட்டால் ஆயிற்று என்று மறுநாள் காலை மார்க்கெட்டுக்குப் போனேன். வேறு எதற்காகவும் போகவில்லை. நான் எழுதியது கதை என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இருக்கவில்லை.

சந்தாபுரா வண்டி நின்றிருந்தது. பின்னால் கிளீனர் கரி உலைக்குக் காற்றுச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தார், மீசை நரைத்த ஆள். நான் வலப்பக்கம் போனேன். வாசல் இருந்தது. இரண்டு கீல், கறுப்புக் கைப்பிடி. அப்பாடா, கறுப்பு.

அதன் கீழே நிழலும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சூரியன் கிழக்கே இருந்தது. நிழலும் கிழக்கே விழுந்திருந்தது.

கையை நீட்டினேன். கைப்பிடி கையில் வரவில்லை. உள்ளங்கைக்குத் தட்டையாகத் தகரம் பட்டது. நகத்தை வைத்தேன், என் மேஜையில் நான் சிருஷ்டித்ததாக நினைத்துக்கொண்டிருந்த அந்த வாசலின் மேல் நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று.

கால் தரையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"டிக்கெட் முன்னாடிம்மா" என்றார் கிளீனர்.

"இந்தக் கதவு திறக்குமா?"

"அது எமர்ஜென்சிக்கும்மா. சும்மா சும்மா திறக்கக் கூடாது."

அவர் நம்பித்தான் சொன்னார். ஜன்னலில் ஒரு பெண் கூடையை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். வண்டி புறப்பட்டுப் போயிற்று. முன் ஜன்னலில் நோராவின் கை எனக்கு டாட்டா காட்டியது.

5

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரத்துக்குப் போய்விட்டேன். இந்தச் செய்தி அந்த மனுஷனை உடைத்துவிடுமே, எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை. நோரா சமையலறையில் இருந்தார். ரெமிஜியஸ் கூடத்தில் புது மாடலின் கூரைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் ரெமிஜியஸ், சந்தாபுரா பஸ்ல பின்னால அந்தக் கதவு…"

தூரிகை நின்றது.

"பாத்துட்டீங்களா" என்றார்.

என் ஒத்திகையில் இந்த வசனம் இல்லை.

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"மொத நாளேம்மா. புது வண்டிக்கு மாலை போட்டு, தேங்காய் ஒடச்சு, என்னைத்தான் மொதல்ல ஏத்தி உக்கார வெச்சாங்க. உள்ள திரும்பிப் பாத்தா வெறும் பலகை."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"எல்லாரும் கை தட்டிட்டிருந்தாங்க." தூரிகையைத் துணியில் துடைத்தார். "ஃபாதர் கையால பரிசு வாங்கின மாடல். திறக்க வேண்டியதெல்லாம் திறக்கும்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். அந்த ஒண்ணு மட்டும் பெயிண்ட்டுன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது? நாளைக்குச் சொல்லலாம்னு நெனச்சேன். அப்படியே போயிடுச்சு."

"அந்த வண்டியில நோரா தினம் போறாங்களே."

"அதுக்குத்தானே முன்னால உக்காரச் சொல்றேன்."

நிதானமாகத்தான் சொன்னார். தன் பங்குக் கடமையைச் செய்துவிட்டவரின் நிதானம். இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன், இந்த வரியை நான் எந்த வில்லனுக்கும் எழுதியதில்லை. காதல் என்று முடிச்சுப் போட்டு வைத்திருந்தேனே, அதை நினைத்தால் உடம்பு கூசியது.

"பின்னால உக்காரறவங்க?" என்றேன்.

அவர் தூரிகையை மறுபடி வர்ணத்தில் தோய்த்தார். "நோராகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா."

நோரா தட்டில் கேக்கோடு வந்தார். தின்றேன். எப்படித் தின்றேன் என்று கேட்காதீர்கள்.

6

இங்கே நியாயமாக நான் ஒரு காரியம் செய்திருக்க வேண்டும், செய்தேன். பஸ் முதலாளி வெங்கடசுப்ரமணியனைப் பார்த்தேன். மரியாதையாக உட்கார வைத்தார், முழுசாகக் கேட்டார்.

"அம்மா, இன்ஸ்பெக்டர் பாத்து சர்ட்டிபிகேட் குடுத்த வண்டி. அப்புறம் ஒண்ணு கேக்கறேன், எந்த பஸ்லம்மா அந்தக் கதவு திறக்குது? நெஜமான கதவு இருக்கற வண்டியிலயும் அதுக்கு முன்னாடி சீட்டுதான் போட்டிருக்கு. இப்ப கீல் வாங்கக்கூட பர்மிட் வேணும். ஆய்த்து, சரிம்மா, யுத்தம் முடியட்டும், பாக்கலாம்."

ஆகவே வாசகரே, முடிவுகளுக்கு வருவோம்.

முடிவு ஒன்று. ஓசூர் ரோட்டில் கரி உலையிலிருந்து தீ பிடிக்கிறது. கூட்டம் பின்னால் அந்த வாசலை நோக்கி (எழுத மாட்டேன். நான் எழுதினால் நடக்கிறது என்று பயமாயிருக்கிறது. சிரிக்காதீர்கள், ஒரு தடவை நடந்துவிட்டது.)

முடிவு இரண்டு. ரெமிஜியஸ் ரம்பத்தோடு மார்க்கெட்டுக்குப் போய் எல்லார் எதிரிலும் தன் வாசலை அறுத்துத் திறக்கிறார். அழகான முடிவு. எழுதியும் பார்த்தேன். அவர் கையில் ரம்பத்தை வைத்தால், அது தூரிகையாக மாறிவிடுகிறது.

முடிவு மூன்று. நான் நோராவிடம் சொல்லிவிடுகிறேன்.

இதற்குத்தான் பேனா நகரவில்லை. ஒரு வாசல் திறக்காது என்று ஒரு பெண்ணிடம் சொல்லிவிடலாம். தினமும் காலையில் அவள் முகத்தைச் சிவக்க வைக்கும் வார்த்தைக்கு அர்த்தம் இது என்று எப்படிச் சொல்வது?

7

கடைசியில் நேற்று நானே சந்தாபுரா பஸ்ஸில் ஏறினேன். நோரா முன் சீட்டில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். "பள்ளிக்கூடத்த வந்து பாருங்கன்னு எத்தன தடவ கூப்பிட்டேன், இன்னிக்காவது வந்தீங்களே" என்று ஒரே சந்தோஷம். நான் வாயைத் திறப்பதற்குள் மடிவாளா வந்தது. கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினாள், கூட அவள் தாயார். நோரா எழுந்துவிட்டார்.

"நீங்க இங்க உக்காருங்கம்மா. அலமேலம்மா, வாங்க, நாம பின்னாடி போயிடலாம். அவருகிட்டச் சொல்லிடாதீங்க, திட்டுவாரு."

பின்னால் போனோம். பச்சைக்குழந்தை இருக்கும்போது வேண்டாம் என்று எந்த வாயால் தடுப்பேன்? நோரா வலப்பக்கக் கடைசி சீட்டில் உட்கார்ந்து பலகையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். எங்கள் முதுகுக்குப் பின்னால் உலையின் அனல்.

"கதை எழுதறேன்னீங்களே, எங்க வீட்டு பஸ்ஸ வெச்சு. எப்படி முடியுது?"

"முடியல" என்றேன். "ஒரு இடத்துல நிக்குது. நோரா, இந்த வண்டிக்கு வெளிய ஒரு எமர்ஜென்சி கதவு இருக்கில்ல?"

"ஆமா. பச்சைக் கதவு."

"உள்ள அது எங்க இருக்கு, காட்டுங்க."

இதென்ன விளையாட்டு என்பது மாதிரி சிரித்துக்கொண்டேதான் திரும்பினார். பலகை மேல் கையை ஓட்டினார். மேலே ஜன்னல் வரைக்கும், கீழே சீட்டு வரைக்கும். மறுபடி முதலிலிருந்து, விரல் நுனியால், மெதுவாக. சிரிப்பு முகத்திலேயே இருந்தது, எடுத்து வைக்க மறந்த பாத்திரம் மாதிரி. கை நின்றது.

மாடல் முழுக்க அவர் வீட்டில்தான் உருவானது. கண்காட்சிக்கு முதல் நாள் பலகை பிளந்ததோ இல்லையோ, அது என் சரக்கு. அன்று என்ன நடந்தது என்று நோராவுக்குத் தெரிந்திருக்கும். அவர் கண்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்ததைப் பார்த்தேன். பிறகு அவை பஸ்ஸின் முன்பக்கம் போயின. கைக்குழந்தைக்காரி உட்கார்ந்திருந்த அந்த சீட்டில் போய் நின்றன.

கதவைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

"அவருக்குத் தெரியுமா?" என்றார்.

பஸ் நிறையக் கூட்டம். பின்னால் உலை உறுமுகிறது. சந்தாபுரா இன்னும் வரவில்லை. நோரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பேனாவை இங்கே வைத்துவிட்டேன். பதில் எனக்குத் தெரியும், இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கும் தெரியும். கொஞ்சம் நகர்ந்துகொள்கிறேன். என் இடத்தில் வந்து உட்காருங்கள், அவர் கேட்டதற்கு நீங்கள் சொல்லுங்கள்.