புல்வெளி திறந்த நாளில் ஒரு பாடம்

பனி உருகிய நீர் பள்ளந்தோறும் சலசலத்து இழிய, வாதுமை மரங்கள் பசுங்காய் தாங்கி நிற்க, அட்லசு மலையின் கீழ்ச்சரிவெங்கும் காலைக்கதிர் மெல்லப் படர்ந்துகொண்டிருந்த வேளையில், செம்மண் சுவரெழுந்த ஒற்றையறைப் பள்ளியின் வாயிலில் நின்ற வியாம் என்னும் நங்கை, உள்ளே ஒரு பிள்ளைகூட இல்லாமை கண்டு நெஞ்சம் பதைத்தாள். காசாபிளாங்காவில் பிறந்து, ஆசிரியப் பயிற்சியின் நிறைவாய் மூன்று திங்கள் இம்மலையூரில் கற்பிக்க வந்தவள் அவள். அவள் பாடம் நடத்தும் திறம் காண அன்றுதான் தேர்வாளர் வருகிறார். அவர் ஒப்பமிட்டால் ஆசிரியை, மறுத்தால் ஓராண்டு வீண்.

பிழை அவளுடையதே. மேலைப் புல்வெளியை இளவேனில் முழுதும் அடைத்துவைத்து, புல் முதிர்ந்தபின் குறித்த ஒரு நாளில் திறப்பது அவ்வூரார் வழக்கம். அதுவரை ஓர் ஆட்டுக்குட்டியும் எல்லை தாண்டாது. திறக்கும் நாளில் ஊரே மந்தையோடு மேலேறும். முந்தியவர்க்கு ஊற்றருகே கூடாரம், பிந்தியவர்க்குக் கல்லுமேடு. தேர்வாளர் வரவேண்டிய நாளாக அதே நாளை அவள் குறித்தபோது, அன்றைக்கு வர இயலாதென்று பிள்ளைகள் பத்துமுறை சொல்லியும், தேர்வாளருக்கு அஞ்சிச் சாக்குச் சொல்கிறார்கள் என்று சிரித்துத் தள்ளியிருந்தாள் வியாம். அடடா, படித்த பெண்ணுக்குத்தான் எத்தனை மெத்தனம்!

கோவேறு கழுதையில் வந்திறங்கிய தேர்வாளர் பென்னாசரிடம் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. தவறு தனதே என்றும், பிள்ளைகள் எல்லைக்கல்லருகே காத்திருப்பார்கள் என்றும், அங்கேயே பாடம் நடத்துவதாகவும் கூறினாள். முழங்காலைத் தடவிக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தவர், "நாலு மணி நேரம் இதுமேல குலுங்கி வந்திருக்கேன்மா, இன்னும் ஏறச் சொல்றியே," என்று முனகியபடி மீண்டும் ஏறி அமர்ந்தார். வியாம் கரும்பலகையை முதுகில் கட்டிக்கொண்டு முன்னே நடந்தாள்.

எல்லையில் ஆடுகளும் கழுதைகளும் நெருக்கியடித்து நிற்க, புல்வெளிக் காவலர் திறப்புக்கொடி எழுப்பும் கணத்திற்காக ஊரார் காத்திருந்தனர். பாறையில் பலகையைச் சாய்த்து, பதினேழு பிள்ளைகளை அமர்த்தி, அவர்களிடமே கற்ற அவர்கள் மொழியில் முதலிலும், பின்னர் அரபியிலும் வகுத்தற்கணக்கைத் தொடங்கினாள் வியாம். இரண்டு திங்களாகப் பிறர்முன் வாய்திறவாத தௌதா என்னும் சிறுமி தானே எழுந்து பலகைக்கு வந்தாள். அவள் கணக்கில் பாதி எழுதியிருந்தபோது கொடி எழுந்தது.

புழுதி கிளம்ப, மந்தைகள் பாய, பிள்ளைகள் எழுந்து ஓடலாயினர். எல்லாம் போயிற்று என்று வியாம் நின்றாள். அப்போது தௌதாவின் தாய் இத்தோ, கணவனை இழந்து நாற்பது ஆடுகளைக் காப்பவள், ரொட்டி சுடத் தெரியாத பட்டணத்துப் பதுமை என்று வந்த நாளிலேயே வியாமை நையாண்டி செய்தவள், தன் தலைக்கிடாயின் கொம்பைப் பற்றி நிறுத்தினாள்.

"ஓடாதடி. ஆரம்பிச்ச கணக்க முடிச்சிட்டு வா."

"ஏ இத்தோ, ஊத்தடி போயிடும்டி," என்றாள் முந்தி விரைந்த ஒருத்தி.

"போனா போவுது."

இதைக் கேட்ட வேறு இரண்டு தாய்மாரும் தயங்கி நின்றனர். ஏழு பிள்ளைகள் மீண்டும் வந்தமர்ந்தனர். தௌதா கணக்கை முடித்தாள்; விடை சரியாயிருந்தது. பென்னாசர் அப்பாறைமீதே தாளை விரித்து ஒப்பமிட்டார்.

வியாம் இத்தோவிடம் சென்று கண்கலங்கினாள். "அக்கா, என்னாலதானே உங்களுக்கு நல்ல இடம் போச்சு."

"புல்லு அடுத்த வருசமும் முளைக்கும். அடுத்த வருசம் நீ இங்க இருப்பியா?" என்று கேட்டுவிட்டு ஆடுகளை ஓட்டிச் சென்றாள் இத்தோ.

தேர்வாளரைக் காத்திருக்க வேண்டிக்கொண்டு, தொலைவிலுள்ள ஊற்றிலிருந்து, இத்தோவுக்கு எஞ்சிய கல்லுமேட்டிற்குத் தோற்பையில் இரண்டு நடை நீர் சுமந்து தந்த பின்னரே வியாம் மலையிறங்கினாள். இரண்டு நடை நீர் ஒரு கோடைக்குப் போதாதென்பது அவளுக்குத் தெரியும். ஆண்டுகள் பல கடந்த இன்று, ஆசிரியையாய் எந்த மலையூர்ப் பள்ளிக்குச் சென்றாலும், தேர்வுநாள் குறிக்குமுன் பிள்ளைகளைத்தான் முதலில் கேட்கிறாள். அவர்கள் ஆகாதென்றால் அவளுக்கும் ஆகாது. தந்தவரிடமே திருப்பித்தர இயலாத நன்றியை, இனி வருவோர்க்குத் தருவதன்றி வேறென் செய்வது, பெரியீர்?